கோரை முளைக்காத வண்டல்

அந்த மண்ணை எங்கள் நிலத்துக்குக் கொண்டுவந்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரிக்க வந்த அதிகாரியிலிருந்து பக்கத்துக் காட்டுக்காரர் வரைக்கும் எல்லோரும் இதை என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். நானே சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, டிராக்டர் முகப்புக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துத்தான் அள்ளிக்கொண்டு வந்தேன். விஷத்தை இவ்வளவு மரியாதையாக வீட்டுக்கு அழைத்து வந்தவள் இந்த மாவட்டத்தில் வேறு ஒருத்தியும் இருக்கமாட்டாள்.

தர்மபுரியிலிருந்து டவுன் பஸ் வந்து போகிற தூரத்தில், விவசாயக் காட்டுக்கு நடுவே எங்கள் கொட்டாய் வீடு. வாசற்படி இறங்கினால் கீரைப் பாத்தி. பத்து சென்ட்டில் கீரை, மீதியில் மாட்டுக்குத் தீவனம். செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். தண்ணீர் விட்டால் கால் மணி நேரத்தில் எங்கே போனதென்று தெரியாது. கீரைக்கு மெத்தென்ற மண் வேண்டும். அதனால் கோடையில் ஏரி வற்றியதும் எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு வண்டல் அடிப்பார்கள். ஒரு முறை அடித்தால் நாலைந்து வருஷத்துக்கு நிலம் கேட்டதையெல்லாம் கொடுக்கும்.

ஆனால் ஏரி வண்டலோடு கோரையும் கூடவே வரும். கீரைக்காரிக்குக் கோரையைவிடப் பெரிய எதிரி கிடையாது. நெல் போட்டவர்கள் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கீரையில் அடிக்க முடியுமா? விரற்கடை உயரத்தில் நெருக்கமாக நிற்கிற பயிருக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் புல்தான் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். எட்டாம் நாள் மறுபடி எட்டிப் பார்க்கும். என் முழங்கால் இரண்டும் தேய்ந்தது கோரையால்தான். அந்தப் பயத்தில் பல வருஷம் நான் வண்டல் பக்கமே போகவில்லை.

அந்தக் கோடையில் ஏரிக்குள் சும்மா நடந்து பார்த்தேன். எங்கே பார்த்தாலும் கோரை, கருவேலஞ்செடி. மேற்கு மூலையில், ஓடை வந்து ஏரியில் விழுகிற இடத்தில் மட்டும் ஒரு புல் இல்லை. முழங்கால் ஆழத்துக்கு வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, கன்னங்கரேலென்று கிடந்தது. ஒரு பாளத்தைப் புரட்டிப் பார்த்தேன். அடியிலும் கிழங்கு இல்லை. கையில் எடுத்து நுணுக்கினேன். கோதுமை மாவு மாதிரி இருந்தது. இத்தனை பேர் வருஷா வருஷம் வண்டல் அடிக்கிறார்களே, ஒருத்தருக்கும் கண் இல்லையா என்று நினைத்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அங்க மட்டும் ஏன் புள்ள மொளைக்கல?"

"மொளைக்கலன்னா நல்லதுதானங்க? பத்து வருசமா குனிஞ்சு குனிஞ்சு கோரை புடுங்கறது நான். நீங்களா வந்து புடுங்கறீங்க?"

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு மாட்டுத் தீவனம் அறுக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் என் குரல்தான் எப்போதும் பெரியது. அதற்காக நான் அதுவரை வருத்தப்பட்டதில்லை.

பக்கத்துக் காட்டுக்காரரும் ஒரு வார்த்தை சொன்னார். "அந்த மூலையில ஆடுகூட வாய் வெக்கறதில்லைங்க." நான், "எங்க வூட்ல ஆடு இல்லைங்க" என்று பதில் சொல்லிவிட்டு நடந்தேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் இன்னொருத்தர் அதே மூலைக்கு டிராக்டரைத் திருப்பினார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்று, இது நான் பார்த்த இடம், வேறு பக்கம் போங்கள் என்று ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இன்றைக்கு அந்த ஆள் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிட வேண்டும்.

அந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் பேட்டரி கம்பெனி. லாரி லாரியாகப் பழைய பேட்டரி வரும். உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி, கட்டி கட்டியாக வெளியே அனுப்புவார்கள். அதன் பின் சுவரை ஒட்டித்தான் ஓடை. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் அரிக்கும். ஆனால் நாங்கள் கெட்டது தண்ணீர்தான் என்று நினைத்தோம். மண் என்றால் எதையும் செரித்துவிடும் என்பது எங்களுடைய எண்ணம். சாணியைச் செரிக்கிறது, செத்த மாட்டைச் செரிக்கிறது, கல்யாண வீட்டு எச்சில் இலையைச் செரிக்கிறது. ஈயத்தைச் செரிக்காது என்று எந்த விவசாயிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அது எத்தனை வருஷம் ஆனாலும் போட்ட இடத்தில் போட்டபடியே உட்கார்ந்திருக்குமாம். இப்போது சொல்கிறார்கள்.

பாத்திக்கு அடித்தது போக மிஞ்சிய வண்டலை வாசலிலும் பரப்பினேன். கீரை வந்தது பாருங்கள், அப்படி வந்தது. இருபத்தி இரண்டு நாளில் அறுப்புக்கு நின்றது. இலை அகலமாக, கரும்பச்சையாக. உழவர் சந்தையில் என் கூடையைத் தேடி வந்து வாங்கினார்கள். அரசாங்கத்தில் மண் எடுத்துப் பரிசோதித்து மண்வள அட்டை கொடுத்தார்கள். தழை, மணி, சாம்பல் எல்லாக் கட்டத்திலும் நல்ல எண்தான் போட்டிருந்தது. துத்தநாகத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, செம்புக்கு ஒரு கட்டம் இருந்தது. ஈயத்துக்குக் கட்டமே இல்லை. பயிருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற அட்டை அது. தின்கிறவர்களைப் பற்றி அது ஏன் கேட்கப் போகிறது? நான் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். வண்டல் அடித்தபோது அவளுக்கு இரண்டு வயது. நான் கீரை அறுக்கும்போது பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணில் விரலால் கோலம் போடுவாள். அந்த விரல் வாய்க்குப் போகும். எந்தக் குழந்தையின் விரல் போகாது? நான்கு வயது ஆனபோது முகம் வெளுக்கத் தொடங்கியது. வயிற்றை வலிக்கிறது என்பாள். சோற்றைக் கண்டால் ஓடுவாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் தரையில் விழுந்து அழுவாள். எங்களுக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் காட்டினோம். இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கு. டானிக் எழுதறேன். கீரை நெறைய குடுங்க" என்றார்.

கீரைக்காரி மகளுக்கு ரத்தம் கம்மியா என்று எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து காலையில் சிறுகீரைக் கடைசல், மத்தியானம் அரைக்கீரைப் பொரியல், சாயங்காலம் தண்டுக்கீரைத் தண்ணீரை வடித்து உப்புப் போட்டு ஒரு டம்ளர். சந்தைக்கு எடுத்துப் போவதில் தளதளவென்று இருக்கிற கட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். அவள் வாயைத் திறக்கமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுவாள். மடியில் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டுவேன். துப்புவாள். அடித்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. கன்னத்தில் விரல் பதிகிற மாதிரி அடித்துக் கீரை ஊட்டியிருக்கிறேன். இதை எழுதாமல் மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்?

ஊட்ட ஊட்ட அவள் இன்னும் வெளுத்தாள். தெரிந்த பாட்டை மறந்தாள். பால்வாடி டீச்சர் கூப்பிட்டு, "முன்ன நல்லா பேசுவா, இப்ப கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல" என்று சொன்னார். நான் அந்த டீச்சரோடும் சண்டைக்குப் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே பின்னால் சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் பல்பொடி நுரையா வலிப்பு நுரையா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். தர்மபுரியில் முதலுதவி பார்த்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

பெங்களூர் டாக்டர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தீர்களா? நாட்டு மருந்து கொடுத்தீர்களா? இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தோம்.

"வீட்டுப் பக்கத்தில பேட்டரி கெலசம், வேலை ஏதாவது நடக்குதா?"

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்ச தூரத்துல கம்பெனி இருக்குங்க" என்றேன். "ஆனா எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைங்க."

"குழந்தை என்ன சாப்பிடறா?"

"எங்க காட்டுக் கீரைங்க டாக்டர். மருந்தே அடிக்கறதில்ல. ஏரி வண்டல்ல வெளையறது. மூணு வேளையும் குடுக்கறேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். சீஸ என்ற சொல் காதில் விழுந்தது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள், அதனால் ஈயத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வீட்டுக்காரர் ஊருக்குப் போய் மூன்று பையில் மண் எடுத்து வந்து அங்கேயே ஒரு லேபில் கொடுத்தார். வண்டல் அடிக்காத கிணற்று மேட்டு மண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லை. கீரைப் பாத்தியிலும் வாசலிலும் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. ஆள் வைத்துத் துப்புத் துலக்கத் தேவையில்லாமல் போயிற்று.

"மருந்து கொடுக்கிறோம். அது ரத்தத்தில இருக்கிறதை வெளியே இழுக்கும்" என்றார் டாக்டர். "ஆனா அந்த மண்ணுக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போனா மருந்து வேஸ்ட். மண்ணை எடுங்க, இல்ல குழந்தையை வேற இடத்தில வைங்க."

"மறந்ததெல்லாம் திரும்பி வருமாங்க?" என்று கேட்டேன்.

"இனிமே போகாமப் பாத்துக்கலாம்மா" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

பாப்பாரப்பட்டியில் என் அக்கா வீடு. சிமெண்ட் போட்ட தெரு, சிமெண்ட் வாசல், ஒரு கைப்பிடி மண் கிடையாது. அக்காவுக்குக் குழந்தை இல்லை. மகளை அங்கே விட்டோம். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைக்குக் குளித்து, அதற்கென்றே பெட்டியில் வைத்திருக்கிற புடவையைக் கட்டிக்கொண்டு போவேன். வீட்டிலிருந்து ஒரு சாமான் எடுத்துப் போகமாட்டேன். செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றி விடுவேன். என் மகளைத் தொடுவதற்கு நான் தீட்டுப்பட்டவள் மாதிரி போய் நின்றேன்.

"நான் எப்பமா வூட்டுக்கு வருவேன்?" என்று முதல் இரண்டு மாதம் கேட்டாள். மண்ணை எடுத்ததும் என்று சொன்னேன். "எப்ப எடுப்ப?" என்றாள். மனு கொடுத்திருக்கேன் சாமி என்றேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு மனு என்றால் என்ன தெரியும்? எனக்கே அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது மனுவுக்கு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். லேப் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"கம்பெனிக்காரங்க உங்க நெலத்துல வந்து கொட்டுனாங்களாம்மா?"

"இல்லைங்க சார்."

"கம்பெனித் தண்ணி உங்க நெலத்துல பாயுதா?"

"இல்லைங்க."

"ஏரியில யாருமே எடுக்காத எடத்துல போயி, நீங்களா விருப்பப்பட்டு எடுத்துட்டு வந்திருக்கீங்க. பெர்மிட்ல இருக்கறது உங்க கையெழுத்துதான?"

"ஆமாங்க சார், என் கையெழுத்துதான். அந்த மண்ணுல ஈயம் கலந்த கம்பெனிக்கு எவரு கையெழுத்துப் போட்டுப் பெர்மிட் குடுத்தாங்களோ, அவங்க வூட்டுக்கும் போயி இதே மாதிரி கேப்பீங்களா சார்?"

வீட்டுக்காரர் என் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தார். அதிகாரி ஃபைலை மூடினார். அது வேறு டிபார்ட்மெண்ட் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அறிக்கை அனுப்புவதாகவும், உத்தரவு வரும்வரை மண்ணை யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னார். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். கம்பெனி கொஞ்ச நாள் மூடியிருந்தது. பிறகு கேட்டுக்குப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்துத் திறந்தார்கள். உத்தரவு மட்டும் வரவில்லை.

ஊர் என் பக்கம் நின்றது என்று எழுத ஆசைதான். பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். "உங்க வூட்டுப் பிரச்சனைய ஊருப் பிரச்சனையா ஆக்காதீங்க. பேப்பர்ல அது இதுன்னு வந்துச்சுன்னா நாளைக்கு எங்க தக்காளிய எவன் வாங்குவான்? பால் ஊத்த முடியுமா?"

"உங்க பேரனுக்கு ரத்தம் பாத்தீங்களாங்க?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க பாக்கணும்? பாத்தா ஏதாச்சும் இருக்கும்" என்றார்.

அந்த ஆளை நான் மனசுக்குள் கன்னாபின்னாவென்று திட்டினேன். ஆனால் நானும் உத்தமி இல்லை. மூன்று வருஷம் என் கீரையைத் தின்ற ஜனங்கள் எத்தனை பேர்? மருந்து வாங்க டவுனுக்குப் போன ஒரு நாள், சந்தையில் வாடிக்கையாக வாங்குகிற ஒரு அம்மா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா கீரைக்கடை போடறதில்ல? உன் கீரை மாதிரி யாருகிட்டயும் இல்ல. எங்க மருமகளுக்கு அதான் வேணுமாம்." போரில் தண்ணீர் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கள் ஊர்ப் பஸ்ஸே இல்லை. அதியமான்கோட்டையில் இறங்கித் திரும்பி வந்தேன்.

ஆறு மாதம் போயிற்று. மகள் எப்போது வீட்டுக்கு வருவேன் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போனபோது அக்கா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "யாரு வந்திருக்கா பாரு" என்றாள் அக்கா. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், எழுந்து வரவில்லை. பின்னி முடித்ததும், "அம்மா, ரிப்பன்" என்று கேட்டாள். அக்காவைத்தான் கேட்டாள். அக்காவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிளம்பும்போது வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இங்கயே ஒண்ணாங்கிளாஸ் சேத்துடறனே. அங்க எப்ப சரியாவறது? புள்ள இங்க நல்லாத்தான இருக்கா."

அக்கா கெட்டவள் இல்லை. என் மகளைத் தன் உயிராகப் பார்த்துக்கொண்டவள். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது அவளை நினைத்து வயிறு எரிந்தது. இனிமேல் எந்த உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

அடுத்த வாரமே ஜேசிபி வந்தது. வாசலில் அரை அடி, பாத்தியில் அரை அடி, கீழே செம்மண் தெரிகிறவரை வழித்தோம். நானும் வீட்டுக்காரரும் வாயில் துணி கட்டிக்கொண்டு, தூசி கிளம்பாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நின்றோம். வழித்த மண் ரோட்டோரம் ஒரு வீட்டு உயரத்துக்குக் குவிந்தது. அதற்குமேல்தான் வேடிக்கை. அந்தக் குவியலை எங்கே கொண்டுபோவது? ஏரியில் கொட்டலாம் என்று போனால் ஊரே திரண்டு வந்து, ஏரியைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்றது. குழி வெட்டிப் புதைக்கலாம் என்றால் பக்கத்திலேயே போர். கம்பெனி வாசலில் கொட்டுகிறேன் என்று நான் கிளம்பினேன், டிராக்டர்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். ஆபீசுக்குப் போன் போட்டால், உத்தரவில்லாமல் மண்ணைத் தொட்டது தப்பு, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள் என்றார்கள். மூடி வைத்தோம். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் அத்தனையும் கரைந்து மறுபடி வாசலுக்கே வந்துவிடும். டாக்டரிடம் கேட்டபோது, அந்தக் குவியல் அங்கே இருக்கிறவரை குழந்தையைக் கூட்டிவராதீர்கள் என்றார்.

ஒரு புதன்கிழமை காலை ஒரு டிப்பர் வந்து நின்றது. முப்பது வயதிருக்கும் ஒரு ஆள் இறங்கினார். கடத்தூர்ப் பக்கம் ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். ரோட்டில் போகும்போது தார்ப்பாய் விலகிய இடத்தில் மண்ணைப் பார்த்தாராம்.

"மண்ணு குடுப்பீங்களாக்கா?"

வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான்தான் பேசினேன். "எதுக்குங்க?"

"புதுசா வூடு கட்டிக் குடி போயிருக்கோம்க்கா. சுத்தியும் ஒரே பாறை. பின்னாடி கொஞ்சம் மண்ணு அடிச்சா கீரை, மொளகா, ஒரு முருங்கைன்னு வெச்சுக்கலாம். எங்க வூட்ல முழுகாம இருக்காங்க. ரத்தம் கம்மியா இருக்காம், பச்சைக் காயி, கீரையெல்லாம் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

வாயைத் திறந்தேன். நான் ஏரியையே அதிர வைத்தவள், அதிகாரியையே எதிர்க்கேள்வி கேட்டவள். எந்த இடத்திலும் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். எப்போதும் போல என்னிடமே விட்டுவிட்டார். தலைக்குப் பின்னல் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்து ரிப்பன் கேட்ட என் மகள் கண்ணுக்கு முன்னால் வந்தாள். மேற்கே மேகம் வேறு கட்டியிருந்தது.

"எடுத்துக்கங்க" என்றேன்.

"எவ்வளவுங்கக்கா?"

"ஒண்ணும் வேணாம். மொத்தமா எடுத்துட்டுப் போயிடுங்க. மிச்சம் வெக்காதீங்க."

அவரால் நம்ப முடியவில்லை. கை எடுத்துக் கும்பிட்டார். போனை எடுத்து வீட்டுக்குப் பேசி, மண்ணு கிடைத்துவிட்டது, சும்மாவே கொடுக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். தார்ப்பாயை நானே இழுத்துக் கொடுத்தேன். அன்றைக்கும் மறுநாளும் நடை நடையாக அடித்தார். நல்ல ஆள். ஒரு கூடை மண்கூட மிச்சம் வைக்காமல் கூட்டி அள்ளினார். கடைசி நடைக்கு வந்தபோது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, "வூட்ல கொழந்தைங்களுக்குக் குடுங்கக்கா" என்று திட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் மகளைக் கூட்டிவந்தோம். அக்கா பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள். வாசல் முழுக்க இப்போது சிமெண்ட் போட்டாயிற்று. மகளுக்கு ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டே வருகிறது என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் எழுதி முடிக்கும்போது அவள் பாதியில் நிற்பாள், பரவாயில்லை, நிற்கட்டும். சாயங்காலம் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். கீரையைத் தவிர எது கொடுத்தாலும் சாப்பிடுகிறாள். என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள்.

அந்த ஆளின் ஊர் எனக்குத் தெரியும். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். புது வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். போய்ச் சொன்னால் அவர் அவ்வளவு மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து என் வாசலில்தான் கொட்டுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதனால்தான் போகவில்லை. மாதக் கணக்குப் பார்த்தால் அந்தக் குழந்தை இந்நேரம் தவழ ஆரம்பித்திருக்கும்.